ஞாயிற்றுக்கிழமை ஓடாதவரும் காப்புக் கட்டிய முனுசாமியும்

1. லீவு

பந்தயத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது மேர் என்னைக் கூப்பிட்டு, முனுசாமி எங்கே என்று கேட்டார். மேர் என்றால், பல கிராமங்கள் சேர்ந்த கொம்யூனுக்குத் தலைவர். பிரெஞ்சு ஆட்சியில் எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு அவர் வைத்ததுதான் சட்டம். நான் அவர் ஆபீசில் குமாஸ்தா. எந்த கொம்யூன் என்று சொல்லமாட்டேன், பாகூர்ப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாரீசில் ஒலிம்பிக் நடந்த வருஷம் அது.

முனுசாமி எங்கள் ஆபீஸ் தபால்காரன். கிராமம் கிராமமாகக் கடுதாசி கொண்டுபோவது அவன் வேலை. நடந்து போனதாகச் சரித்திரமே இல்லை, எப்போதும் ஓட்டம்தான். ஜூலை பதினாலாம் தேதி பிரெஞ்சுக்காரர்களின் பண்டிகை. அன்று கொம்யூன்களுக்குள் ஓட்டப்பந்தயம் வைப்பார்கள். இரண்டு வருஷமாக வில்லியனூர்க்காரர்களே ஜெயித்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை பந்தயம் அவர்கள் ஊரிலேயே. புதுச்சேரியிலிருந்து துரைமார் வருகிறார்கள். எங்கள் மேர், தன்னிடம் ஓர் ஆள் இருக்கிறான் என்று ஊரெல்லாம் சவால் விட்டிருந்தார்.

அந்த ஆளோ தன் ஊர்த் தீமிதிக்குக் காப்புக் கட்டிவிட்டான். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டால், தீ மிதித்து முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. வருஷாவருஷம் அவன் என் மேஜைக்கு முன்னால் வந்து பத்து நாள் லீவு கேட்பான். நான் தலையாட்டுவேன். அவன் மச்சான் வந்து கடுதாசிகளைச் சுமப்பான். காகிதத்தில் எழுதுகிற வழக்கமே கிடையாது. எப்போதும் வைகாசியில் முடிகிற தீமிதி, ஊரில் சாவு விழுந்ததால் அந்த வருஷம் ஆனிக்குத் தள்ளிப்போயிருந்தது. அவன் வந்து கேட்டபோது நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தலையாட்டினேன். பண்டிகைத் தேதி என் நினைவிலேயே இல்லை.

அவனைப் பந்தயத்துக்கு அழைத்துவர வண்டி கட்டிக்கொண்டு அவன் ஊருக்குப் போனேன். எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் அவன் நின்றான், இந்தப் பக்கம் நான். முதலில் கெஞ்சினேன். பிறகு வேலை போய்விடும் என்று மிரட்டினேன். அவன் கயிற்றைத் தொட்டுக் காட்டினான்.

"ஓடறதுக்கு இன்னாங்கய்யா, எம்மாந்தூரம்னாலும் ஓடுவேன். இந்தக் கல்லத் தாண்ட மட்டும் முடியாது."

வேறு ஒருவனை ஓடவிட்டோம். அவன் நாலாவதாக வந்தான். துரைமார் எதிரில் வில்லியனூர் மேர் சிரித்த சிரிப்பை எங்கள் மேரால் ஜீரணிக்க முடியவில்லை. மறுநாள் ஆபீசுக்கு வந்ததும் கேட்டார்.

"அவனுக்கு யாருய்யா லீவு குடுத்தது?"

எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"தெரியலீங்க."

சொன்னதோடு விட்டேனா? அனுமதி இல்லாமல் வேலையை விட்டுப் போனான், தேசியப் பண்டிகையை அவமதித்தான் என்று ரப்போர், அதாவது அவன்மேல் அறிக்கை, எழுதினேன். நல்ல பிரெஞ்சில், முத்து முத்தான கையெழுத்தில் எழுதினேன். அடித்தல் திருத்தல் ஒன்று கிடையாது. தீ மிதித்துவிட்டுக் கால் புண் ஆறுவதற்குள் முனுசாமிக்கு வேலை போயிற்று.

2. கப்பலில் வந்த பத்திரிகை

பாரீஸ் பத்திரிகைகள் கப்பலில் வந்து சேர ஒரு மாசம் ஆகும். வந்தால் ஆபீஸ் தாழ்வாரத்தில் அவற்றைத் தமிழில் படித்துச் சொல்வதும் என் வேலை. மேர் நாற்காலியில் இருப்பார், காரியமாக வந்தவர்கள் சுற்றி நிற்பார்கள்.

அன்றைக்கு ஒலிம்பிக் சமாசாரம். ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர், சின்ன வயசு. நூறு மீட்டர் ஓட்டத்தில் அவரை அடிக்க ஆள் இல்லை என்று பேர். அதன் முதல் சுற்றை ஞாயிற்றுக்கிழமை வைத்துவிட்டார்கள். ஞாயிறு கடவுளின் நாள், ஓடமாட்டேன் என்றார் அவர். பெரிய மனிதர்களெல்லாம் சொல்லிப் பார்த்தும் அசையவில்லை. பழக்கமில்லாத நானூறு மீட்டரில் வேறொரு நாள் ஓடி, உலகத்தில் அதுவரை யாரும் ஓடாத வேகத்தில் ஜெயித்துவிட்டார்.

படித்துக்கொண்டு வரும்போதே எனக்கு முனுசாமியின் மஞ்சள் கயிறு ஞாபகம் வந்தது. மேருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. தொடையில் தட்டி, "அவன்தான்யா மனுசன்" என்றார். எல்லாரும் ஆமாம் போட்டார்கள்.

கூட்டத்தின் கடைசியில் முனுசாமி நின்றிருந்தான். வேலையைத் திரும்பக் கேட்டு மனு கொண்டுவந்திருந்தான். மேரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டான். குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"அவருக்கு வேல போவலீங்களா?"

மேர் முகம் கறுத்தது. "அவரு துரை. நீ இன்னா, துரையா?" என்றார். மனுவை வாங்கி, பார்க்காமலே என்னிடம் நீட்டினார். லீவு கொடுத்தது நான்தான் என்று சொல்ல எனக்கு அது இரண்டாவது சந்தர்ப்பம். மனுவை வாங்கி மற்றக் காகிதக் கட்டோடு வைத்தேன்.

வெளியே போகிற வழியில் முனுசாமி என் மேஜை அருகே ஒரு நிமிஷம் நின்றான்.

"லீவு குடுத்தது நீங்கதான்னு நா யாருகிட்டயும் சொல்லலீங்க. உங்களுக்கும் புள்ளகுட்டி கீது."

அவன் திட்டியிருந்தால் இத்தனை வருஷத்தில் மறந்திருப்பேன்.

3. பாடம்

அதன் பிறகு அவன் கரும்பு வெட்டப் போனான். சாலையில் என்னைப் பார்த்தால் கரும்பு வண்டியை ஒதுக்கிக் கும்பிடுவான். அவன் தலை தெரிந்தாலே நான் வேறு வழியில் திரும்பிவிடுவேன்.

ஸ்காட்லாந்து என்ற பெயர் மட்டும் என்னை விடவில்லை. எடின்பரோவைச் சேர்ந்த ஒரு பெண் நீச்சலில் ஒலிம்பிக் மெடல் வாங்கினாள் என்று ஒரு தடவை படித்தேன். கிளாஸ்கோவின் குள்ளமான குத்துச்சண்டைக்காரன் ஒருவன் உலக சாம்பியன் ஆனான் என்று இன்னொரு தடவை. தாழ்வாரத்தில் நின்றவர்கள் ரசித்துக் கேட்டார்கள். நான் மட்டும் ஒவ்வொரு தடவையும் கூட்டத்தின் கடைசியைப் பார்த்துக்கொண்டே படித்தேன்.

இப்போது ஆபீசில் சேரும் பிள்ளைகளுக்கு என்னைப் பற்றிச் சொல்லும்போது, லீவு விஷயத்தில் கறார் பேர்வழி, அரை நாள் என்றாலும் சீட்டு எழுதிக் கையெழுத்துப் போடாமல் விடமாட்டார் என்பார்கள். அந்த வழக்கத்தை ஆரம்பித்தது நான்தான். ஏன் ஆரம்பித்தேன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

சீட்டு எழுதுங்கள், நல்லதுதான். ஆனால் அன்றைக்கு முனுசாமிக்கு வேலை போனது சீட்டு இல்லாததால் அல்ல. "நான்தான் கொடுத்தேன்" என்ற ஒரு வார்த்தை போதும். மேர் கேட்டபோது அது என் வாயில்தான் இருந்தது.