செல்வியைச் சூட்டுக்குப் பழக்கிய மூன்று வாரங்கள்

என் மகள் செல்விக்கு இழுப்பு வந்தது நான் செய்ததாலா, எப்படியும் வந்திருக்குமா? ஆறு மாதமாகியும் எனக்கு விடை தெரியவில்லை.

முதலில் ஒரு சத்தம்தான். மத்தியானம் தூங்கிக்கொண்டிருந்த நான்கு வயதுப் பிள்ளையின் முதுகில் காதை வைத்தேன். வட்டவளை மலை ஏற்றத்தில் தூரத்து ரயில் கூவுவதுபோல இருந்தது. பயந்தேன். ஆனாலும் காதை எடுக்கவில்லை. மூச்சு வெளியே வரும்போது மட்டும் கேட்டது.

அதற்கு முன்பு நடந்ததையும் சொல்ல வேண்டும். எங்கள் இலங்கைப் பிரஜாவுரிமை (குடியுரிமை) மனு மறுக்கப்பட்டது. மாசிக்குள் இந்தியாவுக்குப் போய்விட வேண்டும் என்று கடிதம் வந்தது. நானும் என் கணவரும் இந்தத் தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்தவர்கள். எங்களுக்கு முன்பே அனுப்பப்பட்ட நாத்தனார் திருச்சிப் பக்கத்திலிருந்து எழுதியிருந்தார்: “இங்க வெயிலு புள்ளைகள வாட்டுது. சூட்டுக்குப் பழக்கிக் கூட்டியாங்க.”

நான் ஹட்டனில் எட்டாம் வகுப்புவரை படித்தவள். எழுதியிருந்ததை அப்படியே செய்தேன். இந்தியாவுக்குப் போகிறவள் என்று தோட்ட வேலைப் பதிவில் என் பெயரை வெட்டியிருந்ததால் வீட்டில்தான் இருந்தேன். லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) அறையின் கதவைச் சாத்தி, ஈர மிலாறை (வெட்டிப்போட்ட தேயிலைக் கிளைகளை) அடுப்பில் எரித்து, தினமும் இரண்டு மணிநேரம் செல்வியைப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

“என்ன புள்ள, இந்தியாவ இங்கயே மூட்டிட்டியா?” என்றார் கணவர்.

“அங்க போய்த் தவிக்கிறதுக்கு இங்கயே பழகட்டுங்க.”

மூன்றாவது வாரம்தான் அந்தச் சத்தம். மறுநாள் காலை உதடு நீலம் பாரித்தது. தோட்ட லொறியில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

யாழ்ப்பாணத்து டொக்டர் ஊசி போட்டுவிட்டுப் பிள்ளையின் சட்டையை முகர்ந்தார். “ஏன் இவ்வளவு புகை மணக்குது?”

சொன்னேன். அவர் சட்டையைக் கீழே விட்டார். “வெயிலெண்டு நினைச்சுப் புகையைக் குடுத்திருக்கிறீங்கள், அம்மா.”

ஆஸ்துமா (மூச்சுக்குழாய் சுருங்கி இழுப்பு வருவது) என்றார். புகை கிளப்பிவிட்டிருக்கலாம், உடம்பிலேயே இருந்தும் இருக்கலாம் என்றார்.

“அந்த ஊரு வெயிலு இவளுக்கு ஒத்துக்குங்களா ஐயா?”

“சில பிள்ளையளுக்குச் சுகப்படும், சிலதுக்குக் கூடும். எனக்கு வடிவாத் தெரியாது.”

நான்கு நாளில் வீட்டுக்கு வந்தோம். அடுப்பை வெளி இஸ்தோப்புக்கு (திண்ணைக்கு) மாற்றினேன். செல்வி இப்போது ஓடுகிறாள். “அங்கயும் எனக்குக் கூவுமாம்மா?” என்று கேட்கிறாள்.

முன்பெல்லாம் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுத் தப்புச் சத்தத்தில் என் நாள் தொடங்கும். இப்போது அவள் முதுகில் காதை வைத்து, கூவல் இல்லை என்று தெரிந்த பிறகுதான் தொடங்குகிறது. என் மூச்சும் அவளுடையதோடு சேர்ந்து நின்று நின்று போகிறது.

மாசிக்கு இரண்டு மாதமே இருக்கிறது. இழுப்புள்ள பிள்ளையோடு அங்கே போனவர்கள் யாராவது இதைப் படித்தால் எழுதுங்கள். முதல் கோடையில் பிள்ளை எப்படி மூச்சுவிட்டது? தவணை கேட்டு இங்கேயே இருந்து பார்ப்பதா, புறப்பட்டுவிடுவதா?