பேனாக் குழாயும் இரண்டு சிவப்புப் புள்ளிகளும்

என் மாமாவுக்கு வேலை பார்க்கும் இடத்தில் சி.ஐ.டி. என்று பெயர். கிண்டலுக்கு வைத்ததுதான். அவர் அதைப் பட்டம் போல ஏற்றுக்கொண்டார். காய் வாங்கும்போது தராசு முள்ளைப் பார்க்க மாட்டார், கடைக்காரரின் விரலைத்தான் பார்ப்பார். கல்யாணமான புதிதில் அத்தை கொடுத்த தேநீரைக்கூட, "இது யார் போட்டது?" என்று கேட்டுவிட்டுத்தான் குடித்தாராம்.

"வீட்டுல இருக்கிறதே நாம ரெண்டு பேரு. பக்கத்து வீட்டுக்காரரா வந்து போட்டுட்டுப் போவாரு?" என்று அத்தை கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் மீதும் மாமாவுக்கு ஒரு கண்.

மணல்மேட்டில் ஓட்டுவதற்கு நாலு சக்கர பைக்குகளை வாடகைக்கு விடும் இடத்தில் மாமா மெக்கானிக். டிக்கெட் கொடுக்கும் ஜன்னலில் நான். எனக்குப் பின்னால் முதலாளியம்மாவின் அறை. அதற்கும் பின்னால் தகரக் கூரை போட்ட வண்டிக் கொட்டகை. பகலில் அது மாமாவின் ராஜ்ஜியம். இருட்டினால் சாவி வாட்ச்மேன் அண்ணன் கைக்குப் போய்விடும். வாட்ச்மேன் அண்ணன் வாயாடி. மாமாவுக்குப் பேசாதவர்கள் மீது ஒரு சந்தேகம் என்றால், பேசுகிறவர்கள் மீது இரண்டு சந்தேகம்.

குளிர் தொடங்கியதும் வண்டிகள் மக்கர் செய்தன. காலையில் ஸ்டார்ட் செய்தால் இருமும், திணறும், நின்றுவிடும். கார்புரேட்டரில் பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவு சரியில்லை என்று மாமா கண்டுபிடித்தார். அதைச் சரிசெய்ய ஒரே ஒரு ஸ்க்ரூ போதும். ஆனால் அது கார்புரேட்டரின் அடிவயிற்றில், விரல் நுழையாத ஒரு பொந்துக்குள் இருந்தது. அதன் தலையில் சாதாரண ஸ்க்ரூவுக்கு இருப்பது போல வெட்டும் இல்லை. வட்டமான தலை, ஒரு பக்கம் மட்டும் சீவி எடுத்தது போலத் தட்டை. கண்டவர்களும் திருப்பக் கூடாது என்று கம்பெனிக்காரன் அப்படிச் செய்திருக்கிறான். அதே வடிவத்தில் குழிந்த முனையுள்ள தனி ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். கம்பெனி விலையைக் கேட்டதும் முதலாளியம்மா, "டிரைவர் கேட்டீங்களா, வண்டி கேட்டீங்களா?" என்றார்.

இணையத்தில் மலிவாக ஒன்று இருந்தது. வாங்கியவர்கள் அதன் கீழே எழுதியிருந்ததை மாமாவுக்கு நான் தமிழில் சொல்லச் சொல்ல, அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"எல்லாரும் பிரமாதம்னு எழுதியிருக்காங்க மாமா."

"ஒருத்தன்கூடவா திட்டல? அப்ப எல்லாம் அவன் மச்சினனுங்க எழுதினது. மூடி வை."

கடைசியில் அவரே ஒரு கருவி செய்தார். பழைய பேனாவின் மையை எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் குழாயின் நுனியை நெருப்பில் இளக்கி, ஸ்க்ரூவின் தலைமேல் அழுத்திப் பிடித்தார். ஆறியதும் குழாய்க்குள் அதே வடிவம் அச்சாக விழுந்திருந்தது. செலவு ஒரு பேனா. நான் வியந்து பார்ப்பதைக் கண்டு, "யார்கிட்டயும் சொல்லாத. காப்பி அடிச்சிடுவாங்க" என்றார்.

அன்று மாலை எல்லா வண்டிகளையும் அந்தப் பேனாவாலேயே சரிசெய்தார். பகலெல்லாம் மணலில் ஓடிச் சூடாக வந்து நின்ற எஞ்சின்கள் பூனை போல முனகின. "கேட்டியா? சுதி சேர்ந்துடுச்சு" என்று சாவியை ஒப்படைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை அதே இருமல், அதே திணறல். மாலையில் மறுபடி திருப்பினார்; முனகின. விடிந்ததும் மறுபடி இருமின. தான் மாலையில் சரிசெய்வதை ராத்திரியில் யாரோ கெடுக்கிறார்கள் என்று மாமா முடிவுகட்டினார். ராத்திரியில் அங்கே இருப்பது ஒரே ஓர் ஆள்.

அதன் பிறகு ஆதாரங்களுக்குப் பஞ்சமே இல்லை. வாட்ச்மேன் அண்ணன் பையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. "ரேடியோ மூடி கழண்டு கழண்டு விழுது சார், அதுக்கு" என்றார் அவர். எதிர்ச்சாரியில் புதிதாகத் திறந்திருந்த ஒர்க் ஷாப்பில் அவருடைய மச்சினன் வேலை பார்ப்பது தெரிந்ததும் மாமாவின் கண்கள் பளபளத்தன. "நான் லாயக்கில்லைன்னு காட்டினா வண்டியெல்லாம் அங்க போகும். புரியுதா?"

முதலாளியம்மா முதலில் நம்பவில்லை. ஆனால் காலையில் வந்த வாடிக்கையாளர்கள் வண்டி கிளம்பாமல் என் ஜன்னலில் வந்து சண்டை போட்டபோது அவருக்கும் பொறுமை போய்விட்டது. வார முடிவோடு வாட்ச்மேன் அண்ணனை நிறுத்திவிட்டு வேறு ஆள் வைப்பதாகச் சொல்லிவிட்டார்.

வாட்ச்மேன் அண்ணன் என் ஜன்னலுக்கு வந்தார். அன்று அவர் வாயாடவில்லை. "பொண்ணு இப்பதான் இந்த ஊரு ஸ்கூல்ல ஒட்டியிருக்கு. வேலை போனா குவார்ட்டர்ஸும் போயிடும். உன் மாமாகிட்ட நான் என்னம்மா பண்ணேன்?"

மாமாவிடம் சொன்னேன். "கையும் களவுமா பிடிக்கிறேன், அப்புறம் பேசு" என்றவர், என் நகப்பூச்சைக் கேட்டார். அன்று மாலை சரிசெய்து முடித்ததும், ஒரு வண்டியில் தீக்குச்சி நுனியால் ஸ்க்ரூ தலையில் ஒரு சிவப்புப் புள்ளி, பொந்தின் விளிம்பில் நேராக இன்னொன்று. ஸ்க்ரூ திரும்பினால் புள்ளிகள் விலகிவிடும்.

மறுநாள் காலையில் அந்த வண்டி இருமியது. மாமா கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். புள்ளிகள் விலகாமல் நேருக்கு நேர் நின்றன.

"பாத்தீங்களா மாமா, அவர் தொடலை."

மாமா எழுந்திருக்க நேரமாயிற்று. "திருப்பிட்டு மறுபடி புள்ளி வச்சிருக்கான். அவன் பொண்டாட்டி என்ன கலர் நகப்பூச்சு போடுறா?"

"மாமா!"

"சரி, அதை விடு. டிரைவர் இல்லாம அந்த ஸ்க்ரூவைத் திருப்ப முடியாது. ரேடியோ டிரைவர் அதுல நுழையாது. அப்ப அவன்கிட்ட நிஜமான டிரைவர் இருக்கு. எங்க வாங்கினான்?"

அதைத் துப்பறியத்தான் பழைய இரும்புச் சந்துக்குப் போனோம். தார்ப்பாய் விரித்து, துருப்பிடித்த ஸ்பேனர்களையும் கைப்பிடி உடைந்த கொறடுகளையும் பரப்பி வைத்திருந்த ஓர் அம்மாவிடம் அது இருந்தது: வளைந்த கழுத்து, விரல்நீளக் கம்பி, முனையில் அதே வடிவக் குழி. உடைந்து கிடந்த ஒரு கார்புரேட்டரிலிருந்து அறுத்தெடுத்து, மாதிரிக்காகக் காகிதத்தில் மடித்து வைத்திருந்த ஸ்க்ரூவை மாமா சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பொருத்தினார். மூடி போல உட்கார்ந்தது.

அந்த அம்மா சொன்ன விலையைக் கேட்டு நான் பையைத் திறந்துவிட்டேன். மாமா என் கையைத் தட்டினார்.

"ஏம்மா இவ்வளவு கம்மி? எங்கேயாவது தள்ளிட்டு வந்ததா?"

"தள்ளிட்டு வந்ததுன்னா இவ்வளவு நேரம் உன் மூஞ்சியைப் பாத்துட்டு உக்காந்திருப்பேனா? கேட்ட விலைக்குக் குடுத்துட்டு ஓடியிருப்பேன்."

"இதே மாதிரி சமீபத்துல யாராவது வாங்கினாங்களா? ஒல்லியா, நிறையப் பேசுவான்."

"இதை யாருய்யா வாங்குவா? என்கிட்ட இருந்தது இது ஒண்ணுதான். நான் கடை போட்ட நாள்லேருந்து இங்கேயே கிடக்கு. எதுக்குன்னு எனக்கே தெரியாது. உனக்காவது தெரியுமா, இல்ல காது குடையவா?"

மாமா கம்பியை வளைத்துப் பார்த்தார், கடித்துப் பார்த்தார், வெயிலில் காட்டினார். காந்தம் இருக்கிறதா என்று கேட்டபோது அந்த அம்மா டிரைவரைப் பிடுங்கிப் பாயில் போட்டுவிட்டார். அதன் பிறகுதான் மாமா வாங்கினார்.

கொட்டகைக்குத் திரும்பி, புள்ளி வைத்த வண்டியின் கீழே படுத்தார். டார்ச்சை நான் பிடித்தேன். டிரைவரைப் பொருத்தித் திருப்பினார். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். கிறீச் என்று ஒரு சத்தம். துருப்பொடி பொலபொலவென்று அவர் நெற்றியில் கொட்டியது. அப்போதுதான் தலையிலிருந்த புள்ளி முதல் முறையாக விளிம்புப் புள்ளியை விட்டு நகர்ந்தது.

மாமா கையை எடுத்தார்.

தினமும் ராத்திரி திருப்பப்படும் ஸ்க்ரூ துருவால் இறுகியிருக்காது. ராத்திரி மட்டுமல்ல, மாலையிலும் அதை யாரும் திருப்பவில்லை. அவர் பேனாக் குழாயைத் தேடி எடுத்து அடுத்த வண்டியின் ஸ்க்ரூவில் மாட்டி, என்னிடமே கொடுத்து, "திருப்பு" என்றார். இதமாகத் திரும்பியது. ஸ்க்ரூ அப்படியே நின்றது. இறுகிய ஸ்க்ரூவின் மேல் பிளாஸ்டிக் மட்டும் வழுக்கிக்கொண்டிருந்தது. மாலையில் எஞ்சின்கள் நன்றாக முனகியது சூட்டினால். ராத்திரி ஆறியதும் அவற்றின் பழைய வியாதி திரும்பியது. கெடுப்பதற்குச் சரிசெய்த எதுவுமே அங்கே இருக்கவில்லை.

"மாமா, நாளைக்கு அவருக்குக் கடைசி நாள்" என்றேன்.

"தெரியும்" என்றார். நெற்றித் துருவைத் துடைக்காமலே முதலாளியம்மாவின் அறைக்குப் போனார். ஜன்னலில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது.

"வாட்ச்மேன் இல்லம்மா. என் பேனா."

"பேனாவா? யாரை மாத்தி யாரைச் சொல்றீங்க?"

எல்லாவற்றையும் சொன்னார். முதலாளியம்மா முழுவதையும் கேட்டார். பிறகு, "புது ஆள்கிட்ட வர வேண்டாம்னு நான் சொல்லிக்கிறேன். இவர்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் உங்களை நம்பித்தானே அவரைப் போகச் சொன்னேன்" என்றார்.

மாமா அந்த டிரைவரால் எல்லா வண்டிகளையும் சரிசெய்து முடித்தபோது, வெளிச்சம் மங்கும் நேரத்தில் வாட்ச்மேன் அண்ணன் வந்தார். மாமா சாவியை நீட்டிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். பேசியது கொஞ்சம்தான், ஆனால் அதற்குள் வியர்த்துவிட்டது. வாட்ச்மேன் அண்ணன் சாவியை வாங்கவில்லை. மாமாவின் கையிலிருந்த டிரைவரைப் பார்த்தார்.

"அது என்ன?"

"இதுதான் நிஜ டிரைவர். இனிமே வண்டி ஒழுங்கா கிளம்பும்."

"காலையில கிளம்பலைன்னா?"

"அப்ப தப்பு என்னோடதுதான்."

"இதை அம்மா முன்னாடி சொல்லுங்க."

"சொல்லிட்டேன்."

"நான் கேக்கலியே."

மாமா மறுபடி உள்ளே போனார், பின்னாலேயே வாட்ச்மேன் அண்ணனும். ஒரு வார்த்தை விடாமல் மறுபடி சொன்னார்.

மறுநாள் காலை அத்தனை வண்டிகளும் முதல் முயற்சியிலேயே கிளம்பின. மாமா சிரித்தபடி கொட்டகைக்கு வெளியே வந்து கை கொடுக்கப் போனார். வாட்ச்மேன் அண்ணன் டார்ச்சைப் போட்டு அந்தக் கையைப் புறங்கை, உள்ளங்கை என்று புரட்டிப் புரட்டிப் பார்த்தார். மாமா கையை இழுத்துக்கொள்ளவில்லை. பார்த்து முடிக்கும்வரை நீட்டியபடியே நின்றார்.