பாவா விற்ற மாத்திரை

பாவா என்று கூப்பிட்டாலும், பத்மாவுக்கு அக்கா வீட்டுக்காரர் டில்லிபாபுவை ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. ஈமுக் கோழி, மூலிகை எண்ணெய் என்று ஒவ்வொன்றாகச் சொந்தக்காரர்கள் தலையில் கட்டியவர் அவர். இப்போது ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரையோடு கிளம்பியிருந்தார்.

திருத்தணியில் மலைக்குக் கீழே ஒரு மண்டபத்தில் கூட்டம் போட்டார். டம்ளர் தண்ணீரில் காயத்துக்குப் போடும் அயோடினைச் சொட்டினார். தண்ணீர் பழுப்பாகிவிட்டது. உடம்புக்குள்ளும் இப்படித்தான் துரு ஏறுகிறது என்றார். மாத்திரையைப் பொடித்துப் போட்டதும் தண்ணீர் தெளிந்தது. எல்லோரையும் விடப் பலமாகக் கை தட்டியவன் பத்மாவின் கணவன் ஜம்புலிங்கம்.

பள்ளிப்பட்டில் அவன் விசைத்தறி ஓட்டினான்; அவள் அதே கொட்டகையில் நூல் சுற்றினாள். பஞ்சுத் தூசியும் பீடிப் புகையும் சேர்ந்து அவன் நெஞ்சை அரித்திருந்தன. அவளுக்குப் பயந்து ஒளிந்து பீடி பிடித்தவன், மாத்திரை வந்தபின் வாசலிலேயே உட்கார்ந்து ஊதினான். உள்ளே சேருகிற விஷத்தை மாத்திரை கழுவிவிடுமாம்.

இருமல் நிற்காமல் போனதும் அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். டாக்டரம்மா மாத்திரை டப்பாவைத் திருப்பிப் படித்தார். வைட்டமின் சியோடு பீட்டா கரோட்டினும் போட்டிருந்தது. பீட்டா கரோட்டின் கேரட்டிலும் கீரையிலும் இருப்பதுதான், சாப்பாட்டில் வந்தால் நல்லது என்றார். ஆனால் வெளிநாட்டில் புகைபிடிக்கிற ஆயிரக்கணக்கானவர்களுக்கு அதையே மாத்திரையாக வருஷக்கணக்கில் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. மாத்திரை சாப்பிட்டவர்களுக்குத்தான் கூடுதலாக வந்தது. டம்ளரில் நடப்பது உடம்பில் நடக்காது என்றார். எக்ஸ்ரேயில் இப்போதைக்குக் கட்டி எதுவும் தெரியவில்லை என்றார். பீடி, மாத்திரை இரண்டையும் விட்டுவிடச் சொல்லி அனுப்பினார்.

அடுத்த கூட்டத்துக்குப் பத்மா தனியாகப் போனாள். கைதட்டல் அடங்குமுன் எழுந்து நின்றாள்.

"பாவா, பீடி பிடிக்கிறவங்க இத்த சாப்ட்டுகினு இருந்தா கேன்சர் அதிகமா வருதாம். டாக்டர் சொன்னாங்க. உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

டில்லிபாபு சிரித்தார். இங்கிலீஷ் மருந்துக்காரர்கள் அப்படித்தான் பயமுறுத்துவார்கள் என்றார். மச்சினிக்கு ஏதோ வீட்டுக் கோபம் என்று கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"தெரியுமா தெரியாதான்னு கேட்டேன்."

அவர் மைக்கை அணைத்துவிட்டார். அக்கா அனுசுயா ஓடிவந்து பத்மாவின் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

"எங்க பொயப்பக் கெடுக்கத்தான் வந்தியா?"

"ஆங், அதுக்குத்தான் வந்தேன்."

அன்று பாதிப்பேர் மாத்திரை வாங்காமல் கலைந்தார்கள். மீதிப்பேர் வாங்கினார்கள். ஜம்புலிங்கம் மாத்திரையை விட்டான், பீடியை விடவில்லை. நாலு பேர் முன்னால் சகலையின் மானத்தை வாங்கிவிட்டாளென்று அவளோடு பேச்சையும் நிறுத்தினான். தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டு அவளும் பேசாமல் வேலைக்குக் கிளம்பினாள்.

ஆடிக் கிருத்திகைக்கு அவள் தனியாக மலையேறியபோது அனுசுயா எதிரே இறங்கி வந்தாள். பத்மா அவளை நேராகப் பார்த்தாள். அக்காதான் தலையைக் குனிந்துகொண்டு பக்தர் கூட்டத்துக்குள் நுழைந்தாள். பத்மா கூப்பிடவில்லை.