வடமேற்கில் ஒரு காலியிடம்

திருநின்றவூர் ரயிலில் எனக்கு எதிரே உட்காரும் அந்த ஒல்லி மனிதர், மடியில் வரைபடத்தை விரித்துப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வருவார்.

"பூமிக்கு ஜாதகமா சார்?" என்று வழக்கமான அசட்டுத்தனத்தோடு கேட்டேன்.

"மரத்துல நார் ஓடுற பக்கம் சத்தம் வேகமாப் போகும். பாறையும் அப்படித்தான் சார். பூகம்ப அலை எந்தத் திசையில வேகமா ஓடுதுன்னு பார்த்து, அடியில பாறை எப்படிக் கிடக்குன்னு வரையறோம்."

"வடமேற்கு மட்டும் காலியா இருக்கே?"

"அந்தப் பக்கம் பூகம்பம் வந்தாத்தான் நிரம்பும். வராமலே இருக்கட்டும் சார்."

"அப்ப உங்க ஆராய்ச்சி?"

"அது கிடக்கட்டும்."

ஒரு காலை, செய்தித்தாள் முழுக்க இடிந்த வீடுகள். வடமேற்கில்தான். அன்று அவர் வரைபடத்தையே எடுக்கவில்லை.

மறுவாரம் அம்பத்தூர் தாண்டியதும் விரித்தார். காலியிடத்தில் பென்சிலை வைப்பதற்கு முன் குனிந்து செருப்பைக் கழற்றினார். வாயாடியான நானும் என் செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளினேன்.