சிராத்தத்துக்குச் சமைத்தது யார்

மாதவிலக்கு நின்றபிறகுதான் என் மாமியாருக்கு வாழ்வே வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில், கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டில், அந்த மூன்று நாளும் பெண்கள் பின்கட்டு அறையில் ஒதுங்கியிருக்க வேண்டும். அடுக்களையை எட்டிப் பார்க்கக்கூடக் கூடாது. அது ஓய்ந்ததும், பண்டிகையோ சிராத்தமோ, மடிப்புடவை கட்டிக்கொண்டு அடுப்பின்முன் நிற்பது அவர்தான். அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மாதாமாதம் மூலைக்குப் போகும் என்னைக் கேலிவேறு செய்வார்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு விடிகாலை, கிணற்றடியில் அவர் துணி அலசுவதைப் பார்த்தேன். தண்ணீர் சிவப்பாக ஓடியது. சில மாதங்களாகவே இப்படித்தான் என்றார். எர்ணாகுளத்து லேடி டாக்டரிடம் போகலாம் என்றேன். அவர் முகம் கறுத்துவிட்டது. போவதென்றால் மாமனாரிடம் காரணம் சொல்ல வேண்டுமே.

"அவரோட அப்பா சிராத்தத்துக்கு நான்தானே பண்ணினேன். அன்னிக்கும் இருந்தது. ஆர்கிட்டயும் சொல்லப்படாது, கேட்டயா."

தீட்டோடு சமைத்தால் பிதுர்கள் பட்டினியாகத் திரும்பிவிடுவார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிடக்கட்டுமே பட்டினி என்று வாய்வரை வந்துவிட்டது. நவராத்திரி போகட்டும் என்றார். அப்புறம் திருவாதிரை போகட்டும் என்றார். பஞ்சாங்கத்தில் பண்டிகைக்கா பஞ்சம்?

மாசியில் ஒருநாள் அடுப்படியிலேயே மயங்கி விழுந்தார். புடவை நனைந்திருந்தது. இனி எதை மறைப்பது? மாமனாரும் நானும் படகில் அக்கரைக்குக் கொண்டுபோனோம். எத்தனை நாளாக என்று டாக்டரம்மா கேட்டார். மாமியார் கணவரை ஒருமுறை பார்த்துவிட்டு, இன்றைக்குத்தான் என்றார்.

பரிசோதித்த டாக்டரம்மா எங்கள் மூவரையும் உட்காரவைத்துச் சொன்னார். கர்ப்பப்பை வாயில் புற்று. பல மாதமாக இரத்தம் போயிருக்க வேண்டும். ஆரம்பத்தில் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம், இப்போது முற்றிவிட்டது. மாமியார் யாருக்கோ வந்த வியாதிபோலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பும் படகில், வெலிங்டன் தீவைத் தாண்டியதும் மாமனார் கேட்டார்.

"பல மாசம்னா, அப்போ சிராத்தத்தன்னிக்கு?"

அந்த மனிதரைத் தண்ணீரில் தள்ளிவிடலாம் போலிருந்தது. மாமியாரின் விரல்கள் என் மணிக்கட்டை இறுகப் பிடித்தன.

"அன்னிக்குப் பண்ணினது நான்தான், அப்பா," என்றேன். "அம்மா அடுக்களைக்குள்ளயே வரல்லை."

அவர் நம்பினாரா, நம்பினால் தேவலை என்று நினைத்தாரா, தெரியாது. தலையை ஆட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். புற்று என்று கேட்டபோது அழாத மாமியார், என் தோளில் சாய்ந்து நிம்மதியாக அழுதார்.