மூக்குத்திப் பூவுக்கு ஒரு தொட்டி

சாத்தாங்காடு இரும்புச் சந்தைச் சாலையில் களை பிடுங்குவது சங்கமித்ராவின் வேலை. ஒப்பந்தத் தொழிலாளி, வியாசர்பாடியிலிருந்து வருகிறார். பதினோரு ஆண்டுகளாகப் புல் பூண்டுகளுக்கு எதிரியான அவர், பெரிய நன்றி வைத்திருப்பது ஒரு களையிடம்தான்.

அது மூக்குத்திப் பூ. வெட்டுக்காயப் பூண்டு என்றும் சொல்வார்கள். சாமந்திக்கு ஏழை உறவு: மஞ்சள் பொட்டு, சுற்றிலும் ஐந்தாறு வெள்ளை இதழ். தண்ணீர் கேட்காது, இரும்புத் தூளிலும் பூக்கும். போன மழைக்காலத்தில் தகட்டுத் துண்டு ஒன்று சங்கமித்ராவின் கட்டைவிரலைக் கிழித்தது. பக்கத்து இரும்புக் கிடங்கில் முதலுதவிப் பெட்டி இருந்தது. சாவி மேனேஜரிடம், மேனேஜர் ஒரு கல்யாணத்தில். அங்கே சுமை தூக்கும் தப்ரேஸ் கிடங்கு மதிலோரம் அந்தப் பூண்டில் நாலு இலை பறித்துக் கசக்கிக் காயத்தில் பிழிந்தார். ரத்தம் நின்றது. பிறகு ஆஸ்பத்திரியில் மூன்று தையலும் ஓர் ஊசியும் போட்டார்கள். நன்றி முழுவதும் செடிக்கே போனது.

அன்றிலிருந்து அந்த மதிலோரத்தை மட்டும் அவர் களைக்கொத்து தொடவில்லை.

போன மாதம் மேற்பார்வையாளர் அசோகன் அதைப் பார்த்துவிட்டார். "நாளைக்கு அதிகாரி வர்றாரு. செவுத்தோரம் மொட்டையா இருக்கணும். இல்லாட்டி உன்ன கொடுங்கையூருக்கு மாத்திடுவாங்க. அப்பறம் என்ன கேக்காத."

கொடுங்கையூர் என்றால் குப்பைமேடு, நாள் முழுக்கப் புகை. சங்கமித்ரா கொத்தோடு செடிமுன் போய் உட்கார்ந்தார்.

"இன்னாக்கா, செடிகிட்ட பர்மிஷன் கேட்டுகினுகீறியா?" என்றார் தப்ரேஸ்.

"புடுங்க மனசு வர்ல. புடுங்காட்டி கொடுங்கையூரு. நீயே சொல்லு நைனா."

"தரையில கீறதால தான அது களை? தூக்கிடு."

அரை மணி நேரத்தில் காலி பெயின்ட் டின்கள் ஏழு வந்தன. துண்டு ஆங்கிள் இரும்பை வெல்டிங் வைத்து ஒரு ஸ்டாண்டும் வந்தது. செடிகள் மேலேறின, மதிலோரம் மொட்டையானது.

மறுநாள் அதிகாரி குனிந்து பார்த்தார். "நல்லா இருக்கே. எந்த நர்சரி?"

"இங்கியே வளர்றதுதான் சார்" என்றார் சங்கமித்ரா. அசோகன் வானத்தைப் பார்த்தார்.

மாற்றல் இல்லை. பதிலுக்கு ஓர் உத்தரவு வந்தது: தொட்டிகளுக்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்ணீர் கேட்காத செடி இப்போது குடித்துக் கொழுத்து, பூவைக் குறைத்து இலையாக வளர்கிறது. வெட்டுக்காயத்துக்குச் சந்தைக்கு வேண்டியது இலைதான், யாருக்கும் குறையில்லை. காற்றடித்தால் பஞ்சு விதை பறந்து தரையில் முளைக்கிறது. அதைப் பிடுங்குவதும் சங்கமித்ராவே.

"மேல கீறது செடி, கீழ கீறது களை" என்கிறார், ஒரு கையில் குடமும் மறு கையில் கொத்துமாக. "ரெண்டும்தான் எனக்கு சோறு போடுது."