நூலுக்கு வைத்த சட்டி

கொல்லை அடுப்பின் மேல் இருந்த அந்த மண்சட்டிக்கு வாயோரம் கொஞ்சம் உடைந்திருக்கும். தறியில் ஏற்றுவதற்கான பட்டுப் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டுகிற நாட்களில் அரிசிக் கஞ்சி காய்ச்ச அதைத்தான் எடுப்பார்கள். கஞ்சி தடவி உலர்த்தினால்தான் இழை தறியில் அறாமல் நிற்கும். மனிதர் சாப்பிடுகிற எதையும் அதில் வைப்பதில்லை. என் கணவரின் அண்ணன் மனைவியை நினைக்கும்போதெல்லாம் முதலில் இந்தச் சட்டிதான் நினைவுக்கு வருகிறது. எனக்கு ஓரகத்தி முறை. அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

இரண்டாம் பிரசவத்துக்குப் பின் எனக்கு வந்த காய்ச்சல் போகும்போது உடம்பிலிருந்த தெம்பையும் கொண்டுபோய்விட்டது. பால் வற்றியது. அழுதுகொண்டிருந்த குழந்தை, அழவும் சக்தியில்லாமல் முனகத் தொடங்கியது. நாடி பார்த்த வைத்தியர், காய்ந்த காளானைக் காய்கறியோடு வேகவைத்துச் சாறு எடுத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். சொல்வது அவருக்குச் சுலபம். எங்கள் மாமனார் பெருமாளுக்கு விரதம் எடுத்தவர். காளான் அவருக்கு மாமிசத்துக்குச் சமம்; அந்தப் பேச்சே அடுக்களையில் எழக்கூடாது. யாரோ ஒரு முறை அறியாமல் கொண்டுவந்து வைத்ததற்கு அடுப்பையே இடித்துப் புதிதாகப் போட வைத்தவர். மாமியார் இல்லாத அந்த வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். மீறுகிற மருமகள் பிறந்த வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டியதுதான்.

அக்காவின் பிறந்த வீடு மாகறல். அவருடைய தம்பி மழைக்காலத்தில் எடுத்துக் காயவைத்திருந்த காளானைத் துணியில் முடிந்து கொண்டுவந்தார். அக்கா அடுக்களைப் பக்கமே போகவில்லை. மாமனார் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துக் கொல்லையில் கஞ்சிச் சட்டியை ஏற்றினார். ஊறவைத்த காளான், சுரைக்காய், ஒரு பிடி முருங்கைக்கீரை, தட்டிய மிளகு, சீரகம். கொதித்துப் பாதியாகச் சுண்டும்வரை கிட்டேயே உட்கார்ந்திருந்து, வடிகட்டி எடுத்து வந்தார். எனக்கு வாயில் வைக்கப் பயம்.

"இது நூலோட சட்டிமா, மனுசங்க சட்டி இல்ல. இதுக்கு ஆசாரமும் கெடையாது ஒண்ணும் கெடையாது. குடி."

அந்த நியாயத்தை அவர் எங்கே பிடித்தார் என்று தெரியாது. குடித்தேன். பின்னும் தினமும் குடித்தேன். மெல்ல மெல்லப் பால் ஊறியது.

அடுத்த பாவு போட்ட காலையில் அகப்பட்டுக்கொண்டோம். இழைமேல் கஞ்சியைத் தடவிக்கொண்டே வந்த மாமனார் பாதியில் நின்று உள்ளங்கையை மோந்து பார்த்தார். அக்கா சாம்பல் போட்டுத்தான் தேய்த்திருந்தார். ஆனாலும் குடித்த வாசனையை மண்சட்டி அவ்வளவு சீக்கிரம் விடுமா? தெருவில் கட்டியிருந்த பட்டு முழுக்க மிளகும் காளானும் மணந்தது. அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. மாமனார் அவரைப் பார்த்தார், பிறகு வாசலில் நின்ற என் இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்தார். அதன் கன்னத்தில் சதை பிடித்திருந்தது.

"நூலுக்கு வேற சட்டி வாங்கிக்கலாம்பா. இது கொல்லையிலயே இருந்துட்டுப் போவட்டும்" என்று என் கணவரிடம் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தடவத் தொடங்கினார். அந்த மனிதர்மேல் எனக்கு அன்புண்டானது அன்றைக்குத்தான்.

சில வருடங்கள் கழித்து அவரே படுக்கையில் விழுந்தார். எதைக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒருநாள் அக்காவைக் கூப்பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "அந்தச் சட்டியில ஏதாச்சும் வெச்சுக் குடும்மா."

அக்கா வைத்தார். சுரைக்காய், கீரை, மிளகு, சீரகம் எல்லாம் சட்டிக்குள் போனது. காளான் முடிச்சை மட்டும் அவிழ்க்கவில்லை. நான் கேட்டதற்கு, "வாய் தொறந்து கேட்டுட்டாரு, அதுவே போதும். அவரு விரதத்த நான் ஏன் கெடுக்கணும்?" என்றார். மாமனார் கடைசிச் சொட்டுவரை குடித்தார். "இப்பத்தான் கொஞ்சம் தெம்பா இருக்குது" என்றார். எதைக் குடித்ததாக நினைத்தாரோ, அந்த நினைப்போடே அந்த வாரம் கண்ணை மூடினார்.

அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்று என் இடுப்பிலிருந்த பிள்ளைக்கு இப்போது கல்யாணமாகி, மருமகள் வந்திருக்கிறாள். வாய் உடைந்த சட்டி இன்னும் கொல்லையில்தான் இருக்கிறது. மழையில் நனைகிறதே, உள்ளே எடுத்து வைக்கட்டுமா என்று நேற்று மருமகள் கேட்டாள். தடுக்க இப்போது யாரும் இல்லை. இருந்தாலும், அது நூலோட சட்டி, வெளியிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.